பஸ் வருவது சிக்னலுக்கு எப்படித் தெரிகிறது?

பார்க்கிங் வீதிப் பயணி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஈஸ்ட்ஹாமிலிருந்து ஓல்ட்கேட்டுக்கு 115ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். மேல்தட்டில் முன்னிருக்கை கிடைத்துவிட்டால் கைபேசியைத் தொடமாட்டேன். வீதியைப் பார்த்துக்கொண்டு வருவதில் எனக்கு ஒரு பைத்தியம். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு சந்தேகம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது.

சில சந்திகளை நெருங்கும்போது பச்சை இதோ முடியப்போகிறது என்று நினைப்பேன். முடியாது. பஸ் கோட்டைத் தாண்டிய பிறகுதான் மஞ்சள் விழும், எங்களை வழியனுப்பிவிட்டு அணைவதுபோல. இன்னும் சில சந்திகளில் எங்களை எவரும் மதிப்பதில்லை. குறுக்கு வீதியில் ஈ காக்கை இல்லாதபோதும் சிவப்பில் நிற்போம்.

விளக்குக்கு, வருவது பஸ் என்று யார் சொல்கிறார்கள்? கம்பத்தின் உச்சியில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அது கமெராவா? பஸ் என்று தெரிந்தால் ஏன் எல்லா இடத்திலும் வழிவிடுவதில்லை? என் மச்சான் ஒருவர், முன்விளக்கை இரண்டு தடவை மின்னவிட்டால் சிக்னல் பச்சையாகும் என்று அடித்துச் சொல்கிறார். பஸ் சாரதிகள் அப்படித்தான் செய்கிறார்களாம். விஷயம் தெரிந்த அண்ணாமார், அக்காமார் விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

விலாசம் இல்லாதவன்:

மச்சான் சொன்னது சரிதான். இரவில் காரில் போகும்போது நானும் மின்னவிடுவேன். பெரும்பாலும் பச்சை விழும். செய்து பாருங்கள்.

பழைய வயர்மன்:

முன்விளக்குக் கதைக்கு முதலில் ஒரு முடிவு கட்டுகிறேன். விட்டால் திரி முழுக்க அதுவே ஓடும். லண்டனில் எந்தச் சிக்னலும் உங்கள் முன்விளக்கைப் பார்ப்பதில்லை. தம்பி கேட்ட அந்தச் சின்னப் பெட்டி பெரும்பாலும் கமெரா அல்ல, ஒரு ராடார். தன்னை நோக்கி ஏதாவது நகர்ந்து வந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் கொடுக்கும், அவ்வளவுதான். கார், லொறி, பஸ் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. இரவில் குறுக்கே ஒருவரும் இல்லாதபோது நீங்கள் வருவதை ராடார் கண்டு பச்சை கேட்கிறது. அதே கணத்தில் நீங்கள் விளக்கை மின்னவிடுகிறீர்கள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை.

இந்த நம்பிக்கைக்கு அமெரிக்காவில் ஒரு வேர் இருக்கலாம். அங்கே 3எம் கம்பனி 'ஒப்டிகொம்' என்றொரு சாதனத்தைக் கொண்டுவந்தது. வண்டியின் கூரையில் வெட்டி வெட்டி மின்னும் ஒரு விளக்கு, சிக்னல் கம்பத்தில் அதைப் பார்க்கும் ஒரு கண். விநாடிக்கு ஏறக்குறைய 14 தடவை மின்னினால் தீயணைப்பு வண்டி, ஏறக்குறைய 10 தடவை என்றால் பஸ். முன்னதற்கு உடனே வழி, பின்னதற்கு இயன்றால் வழி. கையால் அந்த வேகத்தில் மின்னவிடக்கூடிய மச்சான் இருந்தால் எனக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

இனி விஷயம். லண்டனில் சிக்னல் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இளமையில் வீதியை அறுத்துக் கம்பி பதித்தேன், பிற்காலத்தில் பெட்டிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் தாரைக் கவனியுங்கள். மூலைகள் சாய்வாக வெட்டப்பட்ட ஒரு நீள்சதுரம், கறுப்புப் பசைக் கோடாகத் தெரியும். அதுதான் லூப். வைரப்பல் வைத்த சக்கர வாளால் தாரை அறுப்போம். பள்ளத்தைக் கழுவி, காயவைத்து, ஒரே கம்பியை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி இறக்கி, மேலே பசை ஊற்றி அடைப்போம். மூலையைச் செங்கோணமாக விட்டால் வீதி சுருங்கி விரியும்போது கம்பியின் தோல் அந்த முனையில் கிழிந்துவிடும். அதனால்தான் சாய்வு. புதிதாக வந்த பையன்கள் அந்த நான்கு சின்ன வெட்டுகளையும் சோம்பலில் விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த மாரியில் அதே இடத்தைத் திரும்ப அறுக்க வேண்டி வரும்.

கம்பியின் இரு முனைகளும் நடைபாதையோரப் பெட்டிக்குப் போகின்றன. அங்கே ஒரு மின் அட்டை, விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அலையும் மின்னோட்டத்தை அந்தக் கம்பியில் ஓடவிட்டபடி இருக்கும். மேலே உலோகம் வந்தால் அலைவு சற்று வேகமாகும். அந்தச் சிறு மாற்றத்தைத்தான் 'வண்டி வந்தது' என்று அட்டை சொல்கிறது. எடையை அது அளப்பதே இல்லை. யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அசையாது. அலுமினியச் சில்லுள்ள சைக்கிளைக் கம்பிக் கோட்டின்மேல் சரியாக நிறுத்தினால் அசையும்.

ஆனால் லூப்புக்கு உலோகம் தெரியும், பஸ் தெரியாது. நீளத்தை வைத்து ஊகிக்கலாம் என்றால் நீளமான லொறியும் வருமே. ஆகவே பஸ்ஸே தன் பெயரைச் சொல்லியாக வேண்டும். முதலில் வந்த வழி, பஸ்ஸின் வயிற்றின் கீழே ஒரு சிறு பெட்டியைப் பூட்டுவது. லூப்பின்மேல் போகும்போது அது 'நான் பஸ்' என்று பதில் கொடுக்கும். லொஸ் ஏஞ்சலிஸில் 2000ஆம் ஆண்டு வில்ஷயர், வென்ச்சுரா வீதிகளில் மெட்ரோ ராப்பிட் பஸ்களை ஓடவிட்டபோது அவர்கள் எடுத்ததும் இந்த வழிதான். லண்டனிலும் அப்படிச் சில இடங்களில் தொடங்கி, பிறகு வீதியோரக் கம்பங்களில் கருவி பூட்டிப் பார்த்து, கடைசியில் ஐபஸ்ஸுக்கு, அதாவது தான் இருக்கும் இடத்தை பஸ்ஸே அறிந்து சொல்லும் கணினி முறைக்கு, வந்து சேர்ந்தோம். 2009 அளவில் ஏறக்குறைய 8,000 பஸ்களிலும் அதைப் பூட்டி முடித்தார்கள். அடுத்த தரிப்பிடத்தின் பெயரை உள்ளே அறிவிக்கும் அந்தப் பெண்குரலும், சிக்னலிடம் வழி கேட்பதும் ஒரே கணினியின் வேலை. இது பலருக்குத் தெரியாது.

பஸ் இருக்கும் இடத்தை அறியச் செய்மதியை மட்டும் நம்பினால் சிட்டிப் பக்கத்து உயர்ந்த கட்டடங்களுக்கிடையில் பஸ் பக்கத்து வீதியில் போவதாகக் காட்டும். அதனால் சில்லு எத்தனை சுற்றுச் சுற்றியது என்ற கணக்கையும், பஸ் திரும்பியதை உணரும் ஜைரோஸ்கோப்பையும் கூடவே வைத்திருக்கிறார்கள். இன்னொரு வசதியும் உண்டு. 115ஆம் இலக்க பஸ் 115இன் பாதையில்தான் போகும். காருக்கு ஆயிரம் வழி, பஸ்ஸுக்கு ஒரே வழி. ஆகவே அந்தப் பாதையில் இத்தனையாவது மீற்றர் என்று குறித்துவைத்தால் போதும். பஸ் அந்தப் புள்ளியைத் தாண்டியதும் சந்தியிலுள்ள பெட்டிக்கு ரேடியோவில் செய்தி போகிறது. வீதியில் ஒரு கீறலும் இல்லை, புள்ளி கணினியில்தான் இருக்கிறது. வேண்டாமென்றால் அலுவலகத்திலிருந்தே முப்பது மீற்றர் பின்னால் தள்ளலாம். நான் அதே முப்பது மீற்றருக்கு நள்ளிரவில் வீதியை மூடி, வாள் பிடித்து, விடியுமுன் பசை காயக் காத்திருந்தவன். மனது கொஞ்சம் எரியத்தான் செய்தது.

புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் கைவண்ணம். சந்திக்குப் பத்துப் பதினைந்து விநாடி முன்னால் இருந்தால் நல்லது. மிகவும் கிட்ட வைத்தால் சிக்னலுக்கு முடிவெடுக்க நேரமில்லை. மிகவும் எட்ட வைத்தால் பஸ் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. இடையில் ஒரு தரிப்பிடம் இருந்தால் எல்லாக் கணக்கும் பாழ். சந்தியைத் தாண்டியதும் இன்னொரு புள்ளி இருக்க வேண்டும், 'நான் போய்விட்டேன்' என்று சொல்ல. அது இல்லாவிட்டால் பஸ் போன பிறகும் பச்சை வெறும் வீதிக்கு எரிந்துகொண்டிருக்கும். தம்பி பார்த்தாரே, கோட்டைத் தாண்டியதும் மஞ்சள் விழுவதை, அதுதான் இது.

செய்தி வந்த பிறகு சிக்னல் செய்யக்கூடியது முக்கியமாக இரண்டு: பச்சையை நீட்டுவது, அல்லது சிவப்பைச் சுருக்குவது. இரண்டுக்கும் பலன் ஒன்றல்ல. ஒரு சுற்று 90 விநாடி என்று வையுங்கள். உங்கள் திசைக்கு 35 விநாடி பச்சை, மிச்சம் 55. பச்சை முடிந்து நான்கு விநாடி கழித்து வந்து சேர வேண்டிய பஸ்ஸுக்காக ஐந்து விநாடி நீட்டினால், அந்தப் பஸ் ஐம்பது விநாடிக்குமேல் மிச்சப்படுத்துகிறது. நடுச்சிவப்பில் வந்த பஸ்ஸுக்காகக் குறுக்கு வீதியின் பச்சையைக் கொஞ்சம் முன்னதாக முடித்தால் கிடைப்பது எட்டோ பத்தோ விநாடிதான். நீட்டுவதால் பயன் பெறும் பஸ்கள் குறைவு, ஆனால் பெறுகிற பஸ் அள்ளிக்கொண்டு போகும்.

நீட்டும் முடிவைச் சந்தியிலுள்ள பெட்டியே எடுப்பது நல்லது. மத்திய கணினியைக் கேட்டுப் பதில் வருவதற்குள் சில விநாடிகள் போய்விடும். ஐந்து விநாடி வேலையில் மூன்றைத் தந்தியிலேயே தொலைத்தால் என்ன மிஞ்சும்?

பிறகு கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லண்டனின் பெரும்பகுதிச் சிக்னல்கள் ஸ்கூட் என்ற முறையில் ஒன்றோடொன்று கோத்து ஓடுகின்றன. 1970களில் பிரிட்டனின் அரசு வீதி ஆய்வுக்கூடத்தில் உருவாகி, கிளாஸ்கோவில் சோதிக்கப்பட்டது அது. லூப்புகளை விநாடிக்கு நான்கு தடவை பார்த்து, எந்தத் திசைக்கு இரண்டு மூன்று விநாடி கூட்டலாம் குறைக்கலாம் என்று ஓயாமல் கணக்குப் போடும். நிதானமான கிழவன் சுபாவம், எதையும் சிறிது சிறிதாகத்தான் மாற்றும். பஸ் வந்து திடீரென்று ஐந்து விநாடியைப் பறித்தால், அடுத்த சந்தியோடு இருந்த ஒத்திசைவு குலைகிறது. ஸ்கூட் அதைச் சரிக்கட்டியாக வேண்டும். குறுக்கு வீதி ஏற்கனவே நிரம்பி வழிகிறது என்று கண்டால் பஸ்ஸின் கோரிக்கையை அது மறுத்துவிடும். அந்த வரம்பை எவ்வளவு என்று வைப்பது ஒரு பொறியியலாளர். 'இங்கே ஏன் எங்களை மதிப்பதில்லை' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை அந்த ஒற்றை எண்ணில் இருக்கும்.

பஸ்ஸைக் கண்டுபிடிப்பது தீர்ந்துபோன பிரச்சினை. யாருடைய விநாடியை எடுத்து அதற்குக் கொடுப்பது என்பது தீரவில்லை.

இரவு பஸ்காரன்:

அண்ணர் பெட்டிக்குள் இருந்து சொன்னார், நான் சக்கரத்துக்குப் பின்னால் இருந்து சொல்கிறேன். லண்டனில் பஸ் ஓட்டுகிறேன்.

சாரதியின் கையில் இதில் ஒன்றுமில்லை. பொத்தான் கிடையாது, விளக்கு மின்னவிடுவதும் கிடையாது. (எதிரே வரும் பஸ்ஸுக்கு மின்னவிடுவோம், அது 'நீ முதலில் வா' என்பதற்கு. மச்சான் அதைத்தான் பார்த்திருப்பார்.) நாங்கள் வழித்தட இலக்கத்தைப் போட்டு ஓட்டத் தொடங்குகிறோம், மற்றதெல்லாம் தானாக நடக்கிறது. சிக்னல் எனக்காக நீண்டதா, இல்லையா என்று எனக்குச் சொல்பவரும் இல்லை.

பயணிகள் நினைப்பது, முன்னுரிமை என்றால் பஸ் வேகமாகப் போவதற்கு என்று. எங்கள் தொழிலில் வேகத்துக்கு யாரும் காசு தருவதில்லை. ஆறு நிமிடத்துக்கொரு பஸ் என்ற வழித்தடத்தை எடுங்கள். ஒழுங்காக ஓடினால் தரிப்பிடத்துக்கு வருகிறவர் சராசரியாக மூன்று நிமிடம் நிற்பார். அதே பஸ்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பன்னிரண்டு நிமிடத்துக்கொரு தடவை வந்தால் ஆறு நிமிடம் நிற்பார். பஸ் எண்ணிக்கை ஒன்றும் குறையவில்லை, எரிபொருளும் அதேதான், ஆனால் சனத்தின் காத்திருப்பு இரட்டிப்பு. இந்தக் கூடுதல் காத்திருப்பைத்தான் லண்டனில் அளக்கிறார்கள். மணிக்கு ஐந்து பஸ்ஸுக்குக் குறையாமல் ஓடும் வழித்தடங்களில் பஸ் கம்பனிக்கு ஊக்கத்தொகை கிடைப்பதும் வெட்டு விழுவதும் அதைப் பொறுத்துத்தான். 2001இலிருந்து ஒப்பந்தங்கள் அப்படி.

பஸ்கள் ஏன் சேர்ந்துகொள்கின்றன என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். நான் ஒரு நிமிடம் பிந்தினால் அடுத்த தரிப்பிடத்தில் ஒரு நிமிடச் சனம் கூடுதலாக நிற்கும். அவர்கள் ஏறும்வரை நின்றால் இன்னும் பிந்துவேன். எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு ஏற ஆளில்லை. அவன் தரிப்பிடங்களில் நிற்காமலே ஓடிவந்து என் வாலைப் பிடிப்பான். பிந்துகிறவன் மேலும் பிந்துவான், முந்துகிறவன் மேலும் முந்துவான்.

அதனால் சிக்னல் எல்லா பஸ்ஸுக்கும் ஒரேமாதிரி வழிவிட்டால் நிலைமை திருந்தாது. என் வாலில் வருகிறவனுக்கும் பச்சையை நீட்டினால் அவன் இன்னும் நெருங்குவான். ஐபஸ்ஸுக்கு யார் பிந்தியவன், யாருக்கு முன்னால் இடைவெளி விழுந்திருக்கிறது என்பது தெரியும். ஆகவே பிந்தியவனுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்க வழியிருக்கிறது. தம்பி, நீங்கள் சிவப்பில் நின்ற அந்த நாளில் உங்கள் பஸ் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். அதையும் கணக்கில் எடுங்கள்.

இதன் மறுபக்கம்தான் தரிப்பிடத்தில் காரணமில்லாமல் நிறுத்திவைப்பது. இடைவெளியைச் சீராக்கக் கொஞ்ச நேரம் நிற்கிறோம் என்று அறிவிப்புப் போகும். கட்டுப்பாட்டு அறை நிற்கச் சொல்லும், பின்னால் இருக்கிற சனம் என்னைத் திட்டும். 'வீட்டுக்குப் போக மனமில்லையா?' என்று ஒரு அம்மா நல்ல தமிழிலேயே கேட்டார், நான் தமிழன் என்று தெரியாமல். அம்மா, எனக்கும் ஆசைதான்.

பார்க்கிங் வீதிப் பயணி:

இரண்டு அண்ணாமாருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்று காலையே நடைபாதையில் நின்று லூப் தேடினேன், மூலைச் சாய்வு உட்பட அப்படியே இருக்கிறது. பக்கத்தில் நின்றவர் காசு தொலைத்துவிட்டேனா என்று கேட்டார்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. தரிப்பிடம் இடையில் இருந்தால் கணக்கு பாழ் என்று வயர்மன் அண்ணா சொன்னார். நான் போகும் வழியில் எத்தனையோ தரிப்பிடங்கள் சிக்னலுக்குச் சற்று முன்னால்தான் இருக்கின்றன. அங்கே என்ன செய்வது? எத்தனை பேர் ஏறுவார்கள் என்று சிக்னலுக்கு எப்படித் தெரியும்?

ரைன்கரை சாரதி:

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஜேர்மனியில், ரைன் நதிப் பக்கத்து நகரமொன்றில் பஸ் ஓட்டுகிறேன்.

இங்கே பஸ் ஒரு சந்திக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புவதில்லை. நல்ல தூரத்தில் 'வரப்போகிறேன்' என்று ஒன்று, கிட்ட வந்ததும் 'வந்துவிட்டேன்' என்று ஒன்று, கோட்டைத் தாண்டியதும் 'போய்விட்டேன்' என்று ஒன்று. ஒவ்வொன்றும் சில எழுத்துகளே உள்ள குட்டி ரேடியோத் தந்தி. வழித்தட இலக்கம், எந்தப் பக்கம் திரும்பப்போகிறது, எவ்வளவு பிந்தியிருக்கிறது என்பதெல்லாம் அதில் அடங்கிவிடும். பல நகரங்களில் நெடுங்காலமாக ஒரே வடிவத்தில் ஓடும் தந்தி இது.

தரிப்பிடம் சிக்னலுக்கு முன்னால் இருக்கும் இடங்களில் இன்னொரு செய்தி சேர்கிறது: கதவு மூடியது. வண்டி அதைத் தானாகவே அனுப்பும். அதுவரை சந்தி தன் பாட்டுக்குக் கார்களை விட்டுக்கொண்டிருக்கும். கதவு மூடியதும் பஸ்ஸுக்குரிய விளக்கை எடுத்துவரும். பஸ்ஸுக்குரிய விளக்கு என்றால் சிவப்பு பச்சை அல்ல. கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைக் கோடு. கிடையாக இருந்தால் நில், நிமிர்ந்திருந்தால் போ. கார்காரர்கள் அதைப் பார்த்துப் புறப்பட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் வடிவமே வேறு. சில சந்திகளில் அதனருகே சின்னதாக ஒரு 'ஏ' எழுத்து எரியும். 'உன் கோரிக்கை கிடைத்தது, பொறு' என்று அர்த்தம். லண்டன் நண்பர் தனக்கு யாரும் சொல்வதில்லை என்றாரே, எனக்குச் சொல்கிறார்கள். அந்த எழுத்து எரியவில்லையென்றால் கருவி கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

இதில் சாரதிக்கு ஒரு சோதனை இருக்கிறது. கதவை மூடியாயிற்று, செய்தி போயாயிற்று, விளக்கு மாறப்போகிறது. அந்த நேரத்தில் ஒரு வயதானவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவார். திறந்தால் எனக்கென்று வந்த வெள்ளைக்கோடு என் கண்முன்னாலேயே வீணாகும், அடுத்த சுற்றுவரை எல்லோரும் நிற்க வேண்டும். திறக்காவிட்டால் கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். விதி என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள். மழை பெய்தால் திறந்துவிடுவேன்.

கதவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சில்லுச் சுற்றை எண்ணியே பஸ் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுவதால், போகப் போகச் சிறு பிழை சேரும். தரிப்பிடத்தில் கதவு திறந்த கணம், 'இந்தத் தரிப்பிடத்தில் நிற்கிறேன்' என்று கணினி எண்ணிக்கையைச் சரிசெய்துகொள்ளும். தரிப்பிடமல்லாத இடத்தில் யாரையாவது இறக்கிவிடச் சொல்லி மன்றாடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறந்த வழி என்னவோ தரிப்பிடத்தைச் சந்திக்கு அப்பால் கொண்டுபோவதுதான். பஸ் முதலில் சந்தியைக் கடக்கும், பிறகு ஆறுதலாக நின்று ஆள் ஏற்றும். எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் தரிப்பிடத்தை நூறு மீற்றர் நகர்த்தப் புறப்பட்டால், அந்த வாசலில் கடை வைத்திருப்பவர் முதல் நகரசபை உறுப்பினர்வரை சண்டைக்கு வருவார்கள். ரேடியோவே மலிவு.

மூன்று பிள்ளைகளின் தாய்:

நான் பஸ்ஸில் குறைவு, நடைதான் அதிகம். தள்ளுவண்டியோடு கடவையில் பொத்தானை அழுத்திவிட்டு நிற்பேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பஸ் போகும், பச்சை மனிதன் வரமாட்டான். இப்போதுதான் விளங்குகிறது, அந்த ஐந்து ஐந்து விநாடியெல்லாம் என்னிடமிருந்துதான் எடுக்கிறார்கள் போலிருக்கிறது. பஸ்ஸுக்கு ரேடியோ இருக்கிறது, செய்மதி இருக்கிறது. எனக்கு ஒரு பொத்தான்தான். அதையும் திரும்பத் திரும்ப அழுத்தினால் பலன் உண்டா என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய வயர்மன்:

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன். ஆம், சில நேரம் உங்கள் விநாடிதான் போகிறது. உங்கள் முறை வருவது ஐந்து பத்து விநாடி பிந்தலாம். ஆனால் வந்த பிறகு ஒருவரும் அதில் கைவைக்க முடியாது. பச்சை மனிதன் எரியத் தொடங்கிவிட்டால், பஸ் அல்ல, பத்து பஸ் வந்தாலும் அதற்குரிய நேரம் முழுதாக ஓடித்தான் முடியும். நீங்கள் நடுவீதியில் இருக்கும்போது மிச்சத் தூரத்தைக் கடக்கவும் நேரம் தனியாக ஒதுக்கியிருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் விநாடிக்கு 1.2 மீற்றர் நடை என்று கணக்கு. தள்ளுவண்டியோடும், ஒரு பிள்ளை கையை உதறிக்கொண்டு பின்னால் இழுத்தபடியும் அந்த வேகம் வருமா என்பது வேறு கேள்வி. அந்த நேரம் போதாது என்பதுதான் என் அபிப்பிராயம்.

பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும். அதற்குமேல் அழுத்துவது கைக்குப் பயிற்சி. பெட்டி முதல் அழுத்தலையே குறித்துவைத்துக்கொள்ளும், 'பொறுங்கள்' விளக்கு எரிவது அதற்குச் சாட்சி. அந்தப் பொத்தான் பெட்டியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், சின்னதாக ஒரு கூம்பு தொங்கும். பச்சை மனிதன் வந்ததும் அது சுழலும். பார்வையற்றவர்கள் விரலால் தொட்டு அறிந்துகொள்வதற்கு. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பொறுமையாக நிற்பார்கள்.

பஸ்ஸுக்காக ஒரு கட்டத்தையே, அதாவது ஒரு தரப்பின் பச்சை முறையையே, தாண்டிப்போகும் வசதி ஸ்கூட்டின் பிந்திய பதிப்புகளில் இருக்கிறது. பாதசாரிக் கட்டத்தைத் தாண்டக்கூடாது என்று தனியாகக் குறித்துவைக்கலாம். நான் பார்த்த பொறியியலாளர்களில் நல்லவர்கள் முதலில் செய்வது அதைத்தான்.

தம்பி முதலில் கேட்டதற்கு, ஏன் எல்லா இடத்திலும் வழிவிடுவதில்லை என்பதற்கு, சூரிச் நகரத்தைப் பாருங்கள். 1973இல் சுரங்க ரயில் வேண்டுமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். 1977இல் ட்ராமையும் பஸ்ஸையும் விரைவுபடுத்த 20 கோடி பிராங்க் ஒதுக்கலாமா என்று கேட்டார்கள், ஆம் என்றார்கள். அதன் பிறகு அங்கே சிக்னலின் குறி, ட்ராமும் பஸ்ஸும் சந்தியில் நிற்கவே கூடாது என்பது. எப்படி முடிகிறது? நகர எல்லையிலேயே கார்களைச் சிக்னல் போட்டு மறித்து, உள்ளே கொள்ளுமளவுக்குத்தான் விடுகிறார்கள். சந்தியில் கார் வரிசை இல்லையென்றால் பஸ்ஸுக்குக் கொடுக்க விநாடி தாராளமாக இருக்கும். வரிசையில் இருபது காருக்குப் பின்னால் நிற்கும் பஸ்ஸுக்குச் சிக்னல் எவ்வளவு நீட்டினாலும் அந்த இருபது கார்தான் முதலில் போகும். பஸ் தடம் கோடு போட்டு ஒதுக்காத வீதியில் என் லூப்பும் ஒன்றுதான், அவர்களுடைய செய்மதியும் ஒன்றுதான்.

அக்காவுக்குக் கடைசியாக ஒன்று. 2021இலிருந்து லண்டனில் சில கடவைகளில் முறையைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். பச்சை மனிதன் எப்போதும் எரிந்துகொண்டிருப்பான். வண்டி வருவதைக் கருவி கண்டால்தான் நடப்பவர்களுக்குச் சிவப்பு விழும். வண்டி போனதும் மறுபடி பச்சை மனிதன். இது எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. வண்டி குறைவாகவும் நடப்பவர் கூட்டம் அதிகமாகவும் உள்ள இடங்களுக்குத்தான் பொருந்தும், பஸ் மட்டும் போகும் வீதிகள் போல. அங்கே பொத்தானை அழுத்தத் தேவையில்லை. வழி கேட்டு நிற்க வேண்டியது பஸ்தான்.